குண்டானை விட்டு இறங்காத கேக்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருந்தாங்க. ம்யூட் பட்டனைப் பாத்துக்கணும்.

அதாவது, ஆன்லைன்ல கேக் வகுப்பு நடக்கும். எந்த வீட்டுல இருந்து சத்தம் வருதோ அந்த வீட்டை நான் ம்யூட் பண்ணணும். அம்புட்டுதான். வாயத் தொறக்க வேண்டிய அவசியமே இல்ல.

என்னைத் தெரிஞ்சவங்க இந்த இடத்துலயே எந்திரிச்சு ஓடியிருப்பாங்க.

வகுப்பு எதுக்குன்னா, எங்க ஸ்கூல் பொண்ணுங்க கோ-கோ டீம் மாநிலப் போட்டிக்குத் தேர்வாயிருச்சு. பாதிச் செலவு ஸ்கூலோடது. மீதியை நாங்களே திரட்டி, திங்கக்கிழமை காலையில பி.டி. சார் கையில குடுக்கணும். குடுக்கலையா, எங்களுக்கு அடுத்த இடத்துல வந்த ஸ்கூல் கிளம்பிப் போயிரும்.

கேப்டன் நஸ்ரின். என் கூட்டாளி. பிளஸ் டூ படிக்கிறா, அதனால அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். நான் டீம்ல இல்ல. நான் ஓடுனா பின்னாடி வர்ற ஆமை ஹார்ன் அடிக்கும். டீமுக்கு நான் கமெண்ட்ரி.

"ஜெனி, உன் கால்ல விழுகுறேன்டி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் யார் மாதிரியும் பேசாத" அப்படின்னா நஸ்ரின்.

"அதெல்லாம் பாத்துக்கலாம், நீ போயி கிரவுண்ட ரெண்டு ரவுண்டு சுத்து" அப்படின்னேன், பி.டி. சார் குரல்ல.

அவ தலையில கை வச்சா.

கேக் சொல்லித் தர்றது ஸ்டெல்லா டீச்சர். கணக்கு டீச்சர். இந்தப் பக்கம் பாதி அம்மாக்கள் அவங்ககிட்டப் படிச்சவங்க. மீதி அம்மாக்களோட பிள்ளைங்க இப்பப் படிக்குதுங்க. அப்புறம் யாரு வரமாட்டேன்னு சொல்லுவா? முப்பத்திரெண்டு வீடு காசு கட்டிப் பதிவு பண்ணிருச்சு.

போஸ்டர் அடிச்சது நான். ஆட்டோவுல மைக் கட்டிக் கோலப்பொடி விக்கிற அண்ணன் குரலை மனசுல வச்சுக்கிட்டே எழுதுனேன். "வாங்கம்மா வாங்க! கலந்துக்குங்க, கலக்குங்க! சாயங்காலம் உங்க வீட்டு மேசையில முழுக் கேக் இல்லேன்னா, முழுப் பணமும் வாபஸ்! கேள்வியே கிடையாது!"

அந்தக் கடைசி வரிய யாருமே எழுதச் சொல்லல. குரல் ஒரு ஃப்ளோவுல வந்துருச்சு.

மத்தியானம் ரெண்டு மணி. டீச்சர் அவங்க வீட்டுல, டேப்லெட் முன்னாடி. நானும் நஸ்ரினும் எங்க வீட்டுல, லேப்டாப் முன்னாடி. நஸ்ரின் கையில டீச்சர் கைப்பட எழுதிக் குடுத்த செய்முறை. முதல் பக்கம் மட்டும். ரெண்டாவது பக்கம் டீச்சர்கிட்ட.

டீச்சர் ஆரம்பிச்சாங்க.

"ஸ்டெப் ஒன்னு. வெண்ணெய், இருநூறு கிராம். நான் சொல்ற ஸ்டெப்ப மட்டும் போடு. சொல்லாத ஸ்டெப்ப நீயாப் போட்டா மார்க் கிடையாது. புரிஞ்சவங்க கையத் தூக்கு. புரியாதவங்களும் தூக்கு."

முப்பத்திரெண்டு பெட்டியிலயும் கை தூக்குச்சு. ஒரு அக்காவோட வீட்டுக்காரர் பின்னாடி சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரும் தூக்குனாரு.

"ஸ்டெப் ரெண்டு. சீனி..."

அவ்வளவுதான். டீச்சர் ஏரியாவுல கரண்ட் போச்சு, செல்போன் டவரும் சேந்து போச்சு.

கையில கரண்டி, பாதி தொறந்த வாய், நேரா நம்மளையே மொறைக்கிற கண்ணு. அப்படியே ஸ்க்ரீன்ல உறைஞ்சு போய் நிக்கிறாங்க. ஒரு வீட்டுலயும் சத்தம் இல்ல. யாருக்கும் நெட் போச்சுன்னு தோணல. ஏதோ தப்புப் பண்ணிட்டோம், டீச்சர் கோவத்துல பேச்ச நிறுத்திட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

மெதுவா ஒரு குரல். "டீச்சர்... வெண்ணெய் இருநூத்திப் பத்து போட்டுட்டேன். நான்தான். சாரி டீச்சர்."

போன் அடிச்சேன். "நீங்கள் தொடர்பு கொள்ளும் நபர் தற்போது..." அப்படின்னு அந்தம்மா ஆரம்பிச்சாங்க. மீதிய நானே சொல்லி முடிச்சேன்.

அஞ்சு நிமிஷம் போச்சு. ஒரு வீடு கழண்டுச்சு. அப்புறம் இன்னொன்னு. சாட்ல ஒருத்தவங்க, "வகுப்பு முடிஞ்சதா? பணம் எப்ப திரும்ப வரும்?"

நஸ்ரின் மூஞ்சியப் பாத்தேன். செய்முறைத் தாளோட ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரிச்சுக்கிட்டு இருந்தா.

எனக்குத் தாங்கல. கேமராவ மறைச்சேன். ஸ்க்ரீன்ல எங்க பேரை "ஸ்டெல்லா டீச்சர்"னு மாத்துனேன். தொண்டையச் செருமுனேன்.

"யாரு அங்க பேச்சு?"

ரெண்டு வீடும் திரும்ப உள்ள வந்துருச்சு!

"ஏ லூசு!" அப்படின்னா நஸ்ரின், சத்தமில்லாம, வெறும் உதட்டால. ஆனா தாளை என் பக்கம் நகட்டுனா.

அடுத்த முக்கா மணி நேரம் இருக்கு பாருங்க, என் வாழ்க்கையோட உச்சம்! நஸ்ரின் விரல் வச்சுக் காட்டுவா, நான் டீச்சராவே படிப்பேன். "சீனியையும் வெண்ணெயையும் அடி. வெள்ளையாகுற வரைக்கும் அடி. கை வலிக்குதா? எனக்கு முப்பது வருஷமாத் தொண்ட வலிக்குது, நான் எதாவது சொன்னேனா?"

"இல்ல டீச்சர்."

"முட்டைய ஒவ்வொன்னா ஊத்து. மொத்தமா ஊத்துனா மொத்தமாப் போகும்."

"சரி டீச்சர்."

"கேக் டின் இல்லாதவங்க கையத் தூக்கு." முப்பத்திரெண்டு கை. "சரி, வீட்டுல இருக்குற எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக்க. குண்டான், தூக்கு, டிபன் பாக்ஸ், எதுவானாலும் சரி."

அந்த நேரம் பாத்து ஒரு வீட்டுல டி.வி. சத்தம். ம்யூட் பட்டன்தான் என் கையில இருக்குல்ல? அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான? மாட்டேனே! "யாரு வீட்டுல சீரியல்? மாமியாரும் மருமகளும் அங்க அடிச்சுக்கிறாங்க, உனக்கு இங்க முட்டைய அடிக்க முடியலையா?" அப்படின்னு ஒரு பாட்டம் திட்டுனேன். நஸ்ரின் தாளைத் தட்டித் தட்டிக் காட்டுனா. நான் கையால "இருடி, இருடி"ன்னு சொல்லிட்டு, திட்டி முடிச்ச வேகத்துல அடுத்த வரிக்குத் தாவிட்டேன். "மாவைப் பாத்திரத்துல ஊத்து!"

ஊத்திட்டாங்க.

முதல் பக்கம் முடிஞ்சுருச்சு.

"டீச்சர்," ஒரு குரல். "எங்க வீட்டுல ஓவன் இல்லையே. எப்படி வேக வைக்கிறது?"

"எங்க வீட்டுலயும் இல்ல டீச்சர்."

"டீச்சர், எங்க வீட்டுலயும்."

ரெண்டாவது பக்கத்துல குக்கர்ல உப்பைக் கொட்டி வேக வைக்கிற முறைய டீச்சர் அழகாப் படம் போட்டு எழுதியிருந்தாங்களாம். அது எனக்குப் பின்னால தெரிஞ்சது. அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க அம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பண்றதுதான். வீட்டுல மாவைக் கலக்கி, பாத்திரத்தோட தூக்கிட்டுப் போயி, பேக்கரியில குடுத்து வேக வச்சு வாங்கிட்டு வருவாங்க. தெருவுல எல்லாரும் அப்படித்தான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" அப்படின்னேன், டீச்சரா. "எப்பவும் என்ன பண்ணுவோம்? பேக்கரியில குடுப்போம்ல? ஸ்கூலுக்குப் பின்னாடித் தெரு, பாண்டி பேக்கரி. அரை மணி நேரத்துல வந்து சேரு. மாவு அமுங்கிப் போகக் கூடாது. கிளம்பு!"

முப்பத்திரெண்டு பெட்டியும் படபடன்னு அணைஞ்சுச்சு.

நஸ்ரின் என்னையவே பாத்தா. "டிசம்பர்ல ஒரு நாளைக்கு நாலு வீடு, அஞ்சு வீடுன்னு வரும். இன்னைக்கு ஒரே நேரத்துல எம்புட்டுப் பேருடி?"

அட, ஆமால்ல!

உடனே பாண்டி அண்ணனுக்குப் போன் அடிச்சேன். "தம்பி, ஸ்டெல்லா டீச்சர் பேசுறேன்."

அந்தப் பக்கம் ஸ்டூல் விழுந்த சத்தம். அண்ணன் பத்தாவதுல டீச்சர்கிட்ட கணக்குல ரெண்டு தடவ ஃபெயில். "சொல்லுங்க டீச்சர்! நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

"ஓவன் சூடா இருக்கா?"

"இருக்கு டீச்சர். நாலு மணிக்கு பன்னு போடணும்..."

"பன்னா முக்கியம்? பிள்ளைங்க எதிர்காலமா முக்கியம்?"

"கோ-கோ டீமுன்னுல்ல சொன்னாங்க..."

"எதுத்துப் பேசாத பாண்டி."

"சரிங்க டீச்சர்."

நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள தெருவே நிறைஞ்சு கெடந்துச்சு. ஸ்கூட்டியில வந்தவங்க, ஆட்டோவுல வந்தவங்க, மூடி மேல துண்டு கட்டி நடந்தே வந்தவங்க. கீழக்குயில்குடியில இருந்து அக்கா ஒருத்தவங்க டவுன் பஸ்ல மடியில தூக்கோட வந்தாங்களாம். கண்டக்டர், "என்னக்கா, குழம்பா?"ன்னாராம். அக்கா, "கேக்குண்ணே, பிரேக்க மெதுவாப் போடச் சொல்லுங்க"ன்னாங்களாம். டிரைவர் அதுக்கப்புறம் ஆம்புலன்ஸ் மாதிரி ஓட்டிக் கொண்டாந்து விட்டாராம்.

பாண்டி அண்ணே தலையச் சொறிஞ்சாரு. "பாப்பா, டிசம்பர்ல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பேர் எழுதிச் சீட்டு ஒட்டுவேன். இம்புட்டுக்கு நான் எப்ப எழுதி எப்ப ஒட்ட? மாறிப் போச்சுன்னா என்னைக் கொன்னுருவாங்க."

"அண்ணே, எதுக்குச் சீட்டு?" அப்படின்னேன் பெரிய அறிவாளி மாதிரி. "அதான் எல்லாப் பாத்திரத்துலயும் பேர் வெட்டியிருக்கே!"

"அட! ஆமாப்பா!"

உள்ள தள்ளிட்டாரு. முக்கா மணி நேரத்துல தெரு முழுக்க வாசனை. பக்கத்து டெய்லர் கடைக்காரரு மெஷினை நிறுத்திட்டு வந்து நின்னாரு. என் பக்கத்துல நஸ்ரின் முதல் தடவையாச் சிரிச்சா. "பொழைச்சோம்டி!"

பாத்திரமெல்லாம் வெளிய வந்து மேசையில வரிசையா உக்காந்துச்சு. நான் துணியால பிடிச்சு, பேரைப் படிச்சேன். கோர்ட்டுல கூப்பிடுவாங்கள்ல, அந்தக் குரல்ல.

"ரா. சுப்புலட்சுமி! ரா. சுப்புலட்சுமி! ரா. சுப்புலட்சுமி!"

யாரும் வரல.

"தே. ஞானசிகாமணி குடும்பத்தார்!"

யாரும் வரல.

"எம். ராஜேந்திரன், ரேஷன் கடை!"

கூட்டத்துல ஒரு அக்கா, "அவரு எங்க சித்தப்பா. என் கல்யாணத்துக்கு அந்த மாதிரி ஒன்னு குடுத்தாரு. ஆனா என் தங்கச்சிக்கும் குடுத்தாரு. அவளும் இங்கதான் நிக்கிறா"ன்னாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. பாத்திரத்துல வெட்டுற பேரு, வச்சிருக்கவங்க பேரு இல்ல. குடுத்தவங்க பேரு! கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோனது, அம்புட்டு மொய்யும் ஆவி பறக்க மேசை மேல உக்காந்திருக்கு!

நெத்தி வேர்வையத் தொடச்சுட்டு அடுத்த குண்டானை எடுத்தேன். "தி. மலர்க்கொடி!"

ரெண்டு பேரு முன்னாடி வந்தாங்க. மலர் அக்காவும், அவங்களுக்கு எதுத்த வீட்டு கிரேஸி ஆன்ட்டியும்.

"அது என் பேரு! நானே வாங்கி வெட்டுனது!" இது மலர் அக்கா.

"அது என் கேக்கு!" இது ஆன்ட்டி.

மலர் அக்கா குண்டானை உத்துப் பாத்தாங்க. "ஏ கிரேஸி, மூணு வருஷமா இந்தக் குண்டானத் தேடுறேன்! என் நாத்தனாருகிட்டப் பேச்சுவார்த்தையே இல்ல, அவதான் எடுத்துட்டான்னு நினைச்சு!"

"நீங்கதானக்கா இதுல பாயசம் குடுத்து விட்டீங்க. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாதேன்னு, எதாவது செஞ்சு போட்டுத் தரலாம்னு வச்சிருந்தேன்."

"மூணு வருஷமா என்ன செய்யலாம்னு யோசிச்சியாக்கும்?"

பாண்டி அண்ணே குறுக்க வந்தாரு. "சண்ட எதுக்குக்கா? கேக்க எடுத்து அவங்ககிட்டக் குடுங்க, குண்டானை இவங்ககிட்டக் குடுங்க. முடிஞ்சு போச்சு."

நல்ல தீர்ப்பு. குண்டானைத் தட்டுல கவுத்தாரு. ஒரு தட்டு. வரல. ரெண்டு தட்டு. வரல. அடியில ஓங்கிக் குத்துனாரு. கேக் அசையவே இல்ல. கத்திய விட்டு ஓரத்தைச் சுத்துனா கத்தி நின்னுருச்சு.

எல்லாரும் பயந்து போயி ஆளுக்கு ஒரு பாத்திரத்தைக் கவுத்தாங்க. டங்! டங்! டங்! தெருவே பாத்திரக் கடைத் தெருவாயிருச்சு. முப்பத்திரெண்டுல ஒன்னு கூட இறங்கல.

நஸ்ரின் என் காதுல சொன்னா. "ஏழாவது ஸ்டெப்பு. 'பாத்திரத்துல வெண்ணெய் தடவி மாவு தூவவும்.' நீ சீரியலத் திட்டிக்கிட்டு இருந்தப்ப அதத்தான்டி தட்டித் தட்டிக் காட்டுனேன்."

"ஏக்கா, உங்களுக்கெல்லாம் தெரியாதா?" நான் பக்கத்துல நின்ன அக்காகிட்டப் பரிதாபமாக் கேட்டேன். "தடவணும்னு தெரியாதா?"

"ஏன் தெரியாம? டப்பாவுல வெண்ணெயைத் தொட்டுக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். டீச்சர் சொல்லல. சொல்லாத ஸ்டெப்ப எப்படிப் போடுறது?"

கிரேஸி ஆன்ட்டி போனை எடுத்தாங்க. போஸ்டரைத் தேடி எடுத்து, கண்ணாடிய மாட்டி, சத்தமாப் படிச்சாங்க. "'முழுக் கேக் இல்லேன்னா, முழுப் பணமும் வாபஸ். கேள்வியே கிடையாது.' எனக்கு வாபஸ் குடுத்துருங்கம்மா. குண்டானும் போச்சு, கேக்கும் போச்சு, மானமும் போச்சு."

"அப்ப எனக்கும்" அப்படின்னு இன்னொரு குரல்.

"எங்களுக்கும்."

நஸ்ரின் ஒரு மூலையில போய் நின்னா. கோ-கோவுல எத்தன பேரு தொரத்துனாலும் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற புள்ள. கால நகட்டாம நின்னா.

நான் பேக்கரிக்குள்ள ஓடிப்போயி ரொட்டி அடுக்குற ஸ்டாண்டுக்குப் பின்னாடி உக்காந்தேன். பயந்து ஒளியத்தான் போனேன், பொய் சொல்லல. ஆனா அங்க உக்காந்ததும் வாய் தானாத் தொறந்துச்சு.

"என்ன சத்தம்?"

தெரு கப்சிப்.

"யாரு உங்களைக் கவுக்கச் சொன்னது? நான் சொன்னேனா? இது ஸ்பூன் கேக்! பாத்திரத்தோட வச்சுச் சூடாத்தான் சாப்பிடணும். பாண்டி, எல்லாருக்கும் ஸ்பூன் குடு!"

"இந்தா குடுக்குறேன் டீச்சர்!" அப்படின்னு அண்ணே ஐஸ்கிரீம் ஸ்பூன் பாக்கெட்டோட ஓடுனாரு.

ஒரு ஸ்பூன் உள்ள போச்சு. "ம்ம்?" அப்படின்னு ஒரு சத்தம். இன்னொரு ஸ்பூன். நல்லாத்தான்யா இருக்கு! எது யாரு பாத்திரம்னே யாரும் பாக்கல. பக்கத்துல எது இருந்துச்சோ அதுல பாஞ்சுட்டாங்க. டெய்லரும் பாஞ்சாரு. எனக்கு ஆனந்தம் தாங்கல. "ஓரத்தைச் சுரண்டிச் சாப்பிடு, அதுலதான் ருசி! மிச்சம் வச்சா மார்க் கிடையாது!"

"வேற?"

குரல் எனக்குப் பின்னாடி இருந்து வந்துச்சு. என் குரல் மாதிரியே இருந்துச்சு. அதாவது, என் டீச்சர் குரல் மாதிரி.

மெதுவாத் திரும்புனேன். ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம, பேக்கரியோட பின் வாசல்ல ஸ்டெல்லா டீச்சர் நிக்கிறாங்க. கரண்ட் வந்ததும் போனைப் பாத்திருக்காங்க. "டீச்சர், பேக்கரிக்கு வந்துட்டோம்"னு முப்பத்திரெண்டு மெசேஜ்.

"சொல்லு ஜெனி. நான் இன்னும் என்னென்ன சொன்னேன்? தெரிஞ்சுக்கிறேன்."

எனக்கு வாய்ல எந்தக் குரலும் வரல. என் குரல் உட்பட.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழட்டுனாங்க. கண்ணாடி வழியா வெளிய பாத்தாங்க. ஸ்பூனோட தெரு. மூலையில நஸ்ரின். ரெண்டு நொடி அவளையே பாத்தாங்க. அப்புறம் விறுவிறுன்னு வெளிய போனாங்க. தெருவே எந்திரிச்சு நின்னுச்சு.

ஒரு ஸ்பூனை எடுத்து, மலர் அக்கா குண்டான்ல ஒரு வாய் எடுத்துப் போட்டாங்க. மென்னாங்க. ரிசல்ட் அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கிற மாதிரி எல்லாரும் நின்னோம்.

"ஒரு ஸ்டெப் விட்டுப் போச்சு." நிறுத்துனாங்க. "ஆனா விடை சரி. பாஸ்."

அம்மாக்கள் எல்லாம் கை தட்டுனாங்க! கிரேஸி ஆன்ட்டி மட்டும் மெதுவா, "டீச்சர், அந்த வாபஸ்..."ன்னு இழுத்தாங்க.

"எங்க கேக்கு? காட்டு."

ஆன்ட்டி குண்டானுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. அடியில ஒட்டுன ஒரு பொறுக்கு மட்டும் இருந்துச்சு. மீதி அம்புட்டும் அவங்களும் மலர் அக்காவுமா, ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்து, சண்ட போட்டுக்கிட்டே தின்னிருந்தாங்க.

"தின்னதுக்கு வாபஸ் கிடையாது. உக்காரு."

ஆன்ட்டி உக்காரல. குண்டானை முந்தானையில தொடச்சு, ரெண்டு கையாலயும் மலர் அக்காகிட்ட நீட்டுனாங்க. "இந்தாங்கக்கா. வெறும் பாத்திரமாக் குடுக்கல பாத்துக்கங்க. அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு."

மலர் அக்கா சிரிச்ச சிரிப்புல டெய்லருக்குப் புரையேறிருச்சு.

எனக்குத் தண்டனை இல்லாமப் போகுமா? மீதி முப்பத்தியொரு பாத்திரத்தையும் பேக்கரி குழாயடியில உக்காந்து நான்தான் விளக்கணும். விளக்கி, யாரு வீட்டோடதுன்னு விசாரிச்சு, வீடு வீடாக் கொண்டு போயிச் சேக்கணும். "உன் சொந்தக் குரல்ல விசாரிக்கணும்," அப்படின்னாங்க டீச்சர். ரா. சுப்புலட்சுமி யாரு, தூக்கை யாருக்குக் குடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்தத் தூக்கு எங்க வீட்டுலதான் இருக்கு. எங்க அம்மா அதுல தயிர் ஊத்தி வச்சிருக்காங்க.

திங்கக்கிழமை காலையில பணம் பி.டி. சார் கைக்குப் போச்சு. புதன்கிழமை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல டீம் பஸ் ஏறுச்சு. நஸ்ரின் ஜன்னல் வழியாத் தலைய நீட்டி என்னமோ கத்துனா. ஹார்ன் சத்தத்துல ஒன்னும் கேக்கல. ஆனா இடுப்பு வரைக்கும் வெளிய வந்து கைய ஆட்டுனா பாருங்க, கண்டக்டர் உள்ள பிடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு.

ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணுனா. முதல் மேட்ச் ஜெயிச்சாச்சாம். ரெண்டாவது மேட்ச் ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சாம். எந்தக் குரல்ல ஆறுதல் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

அவளே ஆரம்பிச்சா, மூச்சு விடாம.

"அத விடு. முடிஞ்சதும் எங்களுக்கு விருந்து வச்சாங்கடி. கேக்கும் இருந்துச்சு. ஜெனி, நீ நம்பமாட்ட, இங்கல்லாம் அதைக் கத்தியால வெட்டுறாங்கடி!"